அம்மாட பயொப்சி ரிப்போட்டில ‘இன்டெஸ்டைனல் மெட்டாப்ளேசியா’ எண்டு இருக்கு. கருவாட்டை நிப்பாட்டினா சரியா?

திருக்கோவில் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்க.

எங்கட அம்மாக்கு வயசு 56. கடற்கரையில மீன் காய வைச்சு கருவாடு போடுறதுதான் தொழில். கட்டா, சுறா, நெத்தலி, எது படுதோ அது. விக்கிறதும் அதுதான், திங்கிறதும் அதுதான். காலையில பழஞ்சோத்துக்குச் சுட்ட கருவாடு, மத்தியானம் சோறும் ஆணமும், இரவைக்குப் புட்டோட பொரிச்ச கருவாடு. எங்கட பக்கத்தில பாதி வீட்டுச் சமையல் இப்பிடித்தான்.

கன காலமா நெஞ்சுக்குழியில எரிவு. நாலு வாய் திண்ட உடனே வயிறு நிறைஞ்சிட்டு எண்டு கையக் கழுவிருவா. ‘கேஸ்டிக்’ எண்டு தானே முடிவெடுத்து பாமசியில ஒமிப்ரசோல் கார்ட் கார்டா வாங்கிப் போட்டா. பெரியம்மாட மகள் நேர்ஸ். அவ வந்து ஏசின ஏச்சிலதான் ஆசுபத்திரிக்குப் போனா. கமரா விட்டுப் பாத்து, துண்டு எடுத்து அனுப்பினாங்க. ரிப்போட்டில இருக்கிறத அப்படியே தமிழில எழுதுறன்: “அன்ட்ரல் மியுகோசா. க்ரொனிக் கேஸ்ட்ரைட்டிஸ். ஃபோக்கல் இன்டெஸ்டைனல் மெட்டாப்ளேசியா. நோ டிஸ்ப்ளேசியா. எச். பைலோரி நொட் சீன்.”

கிளினிக்கில டொக்டர் “கான்சர் இல்லம்மா, குளிசையைக் குடிங்க, பிறகு பாப்பம்” எண்டார். நல்ல மனுசன். ஆனா வெளியில வாங்கில் நிறைய ஆக்கள். அடுத்த நம்பரைக் கூப்பிட்டுட்டாங்க, எனக்குக் கேள்வி கேக்க வாய் வரல்ல. வீட்டுக்கு வந்து ஃபோனில அந்தச் சொல்லைத் தேடினா, எல்லாத்திலயும் ‘கான்சருக்கு முந்தின நிலை’ எண்டு கிடக்கு. ரெண்டு நாளா நித்திரை இல்ல.

பயத்துக்குக் காரணம் மாமா. அம்மாட கூடப்பிறந்த அண்ணன், வயித்துக் கான்சரில மகரகம கான்சர் ஆசுபத்திரியில வைச்சிருந்து காலமானவர். கண்டுபிடிக்கக்குள்ள ஈரலுக்கும் போயிட்டு. அவருக்குச் சுருட்டும் இருந்தது, சாராயமும் இருந்தது. அம்மாக்கு அதெல்லாம் இல்ல. வெத்தில மட்டும், புகையிலையோட.

இது கான்சரா மாறியே தீருமா? கருவாட்டாலயா வந்தது? தொழிலையே விடச் சொல்லணுமா? “இன்னொருக்கா அந்தக் குழாயை விழுங்க மாட்டன்” எண்டு அம்மா ஒத்தக் காலில நிக்கிறா. திரும்பப் பாக்கத்தான் வேணுமா? எனக்கும் தம்பிக்கும் ஏதும் செக் பண்ணணுமா?

கல்லடிப் பாலம்:

அக்கா, எங்கட ஆக்கள் செத்தல் மிளகாயை அரைச்சு அரைச்சுக் கொட்டுறதுதான் எல்லாத்துக்கும் காரணம். எங்கட அம்மம்மா சொல்லுவா, உறைப்பு வயித்தை ஓட்டையாக்கும் எண்டு. ஒரு மாசம் உறைப்பை நிப்பாட்டி, விடியப்புறம் வெறும் வயித்தில ரெண்டு பல்லு வெள்ளைப்பூடு குடுத்துப் பாருங்க. கமரா எல்லாம் தேவைப்படாது.

அக்கரைப்பற்று நானா:

தங்கச்சி, எங்கட வாப்பாக்கும் ரிப்போட்டில இதே சொல்தான் வந்தது, அதான் எழுதுறன். அவருக்குக் கருவாடு பிடிக்காது. சிகரட் இல்ல, குடி இல்ல. எங்களுக்கு வேற வழியால வந்தது. காலெல்லாம் விறைக்குது, நாக்கு எரியுது, ரெண்டு எட்டு வைச்சா மூச்சு வாங்குது எண்டு காட்டப் போனம். இரத்தம் குறைவு. இரும்புக் குளிசை குடிச்சும் ஏறல்ல. பிறகுதான் பி12 விட்டமினே உடம்பில இல்ல எண்டு கண்டுபிடிச்சாங்க. வயித்தில அமிலம் சுரக்கிற செல்லை அவர்ட உடம்பே எதிரி எண்டு நினைச்சு அழிக்குதாம். அந்த செல் போனா பி12 உறிஞ்சவும் வழியில்ல. பெர்னீசியஸ் அனீமியா எண்டு பேர். இந்த வருத்தம் இருக்கிறவங்களுக்கும் வயித்துக் கான்சர் வாற வாய்ப்பு மற்றவங்களை விடக் கூட எண்டு சொன்னாங்க.

இப்ப ஊசி போடுறார், ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா கமரா. அல்ஹம்துலில்லாஹ், சுபஹுக்குப் பள்ளிக்கு நடந்துதான் போறார். உங்கட உம்மாட எச்.பி.யையும் (இரத்தம் குறைவா எண்டு பாக்கிறது) பி12ஐயும் ஒருக்கா பாக்கச் சொல்லுங்க. உறைப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கெண்டு எங்கட டொக்டர் சொல்லவே இல்ல.

லேப் மாமா, கல்லாறு:

மகள், நான் டொக்டர் இல்ல. பத்தோலொஜி லேப்பில காலம் முழுக்க வேலை செஞ்சு பென்சன் எடுத்தவன். துண்டு போத்தலில வாறதில இருந்து, மெழுகில பதிச்சு, சீவி, சாயம் ஏத்தி, டொக்டர்ட மைக்ரோஸ்கோப்புக்குக் கீழ வைக்கிற வரைக்கும் எங்கட கையாலதான் போகும். அதால உங்கட ரிப்போட்டைப் பத்திக் கொஞ்சம் கதைக்கலாம். மருந்து மாயம் எல்லாம் கிளினிக்கில.

முதல்ல அந்தப் பயங்காட்டுற சொல். வயித்தின்ட உள்தோலில அமிலம், சளி எண்டு சுரக்கிற சுரப்பிகள் நிறைஞ்சிருக்கும். வருசக்கணக்கா அழற்சி கிடந்தா அந்தச் சுரப்பிகள் மெலிஞ்சு அழியும். அழிஞ்ச இடத்தில குடலில இருக்கிற செல்கள் வந்து குந்தும். வாவித் தண்ணி ஏறி உவராப்போன வயலில நெல் போய்க் கோரை முளைக்கிறதைக் கண்டிருப்பீங்கதானே, அதுதான் மெட்டாப்ளேசியா. அந்தக் கோரை கான்சர் இல்ல. நிலம் கெட்டுப்போச்சு எண்டதுக்கு அடையாளம்.

கொலம்பியாவில பிறந்த பெலாயோ கொறேயா எண்ட பத்தோலொஜி டொக்டர் 1975இலயே இந்த வரிசையை எழுதி வைச்சார். முதல்ல நாட்பட்ட அழற்சி, பிறகு சுரப்பி அழியுறது, பிறகு மெட்டாப்ளேசியா, பிறகு டிஸ்ப்ளேசியா, அதாவது செல்கள் உருக்குலையத் துவங்குறது, கடைசியிலதான் கான்சர். ஃபோனில தேடினா இந்த வரிசை வரும், ஆனா ஒவ்வொரு படியிலயும் பெரும்பாலான ஆக்கள் அங்கயே நிண்டிருவாங்க எண்டது கண்ணில படாது. நெதர்லாந்தில 90,000க்கு மேற்பட்ட ஆக்கள்ட பயொப்சிப் பதிவை எடுத்துப் பாத்து 2008இல ஒரு கணக்குப் போட்டாங்க. மெட்டாப்ளேசியா இருக்கிறவங்களில வருசத்துக்கு 0.25 வீதம்தான் கான்சர். ஆயிரம் பேரை நிப்பாட்டினா வருசத்துக்கு ரெண்டு மூணு பேர். சுரப்பி அழிவு மட்டும் எண்டா 0.1 வீதம், லேசான டிஸ்ப்ளேசியா எண்டா 0.6. உங்கட ரிப்போட்டில “நோ டிஸ்ப்ளேசியா” எண்டு இருக்கே, அந்த ரெண்டு சொல்லுக்காகத்தான் நாங்க அத்தனை சீவல் சீவுறது. அதை வாசிச்சிட்டு நித்திரை கொள்ளுங்க.

இனித்தான் எனக்கு உறுத்துற இடம். “எச். பைலோரி நொட் சீன்.” எச். பைலோரி எண்டது வயித்தில குடியிருக்கிற ஒரு கிருமி. காணல்ல எண்டா இல்ல எண்டு அர்த்தமில்ல, மகள். அம்மா கன காலமா ஒமிப்ரசோல் போட்டவ எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்க. அமிலத்தைக் குறைச்சா அந்தக் கிருமி அன்ட்ரத்தில, அதாவது வயித்தின்ட கீழ்ப்பகுதியில, குறைஞ்சு மேல்பக்கம் போய் ஒளிச்சிரும். மெட்டாப்ளேசியா வந்த தோலிலயும் அதுக்குக் குடியிருக்கப் பிடிக்காது. கீம்சா சாயம் ஏத்தித் தேடினாலும் சின்னத் துண்டில தப்பிரும். அம்மாக்கு ரெண்டு காரணமும் இருக்கு. அதால இதைக் கிளினிக்கில கட்டாயம் சொல்லுங்க: “டொக்டர், துண்டு எடுக்கக்குள்ள அம்மா ஒமிப்ரசோலில இருந்தவ. கிருமிக்குத் திரும்ப டெஸ்ட் பண்ணலாமா?” மலத்தில பாக்கிற அன்டிஜன் டெஸ்ட் இருக்கு, ஊதிப் பாக்கிற யூரியா டெஸ்ட் இருக்கு. ரெண்டுக்கும் ஒமிப்ரசோலை ரெண்டு கிழமைக்கு முன்னமே நிப்பாட்டணும், அன்டிபயோட்டிக் குடிச்சிருந்தா நாலு கிழமை இடைவெளி வேணும். இரத்தத்தில பாக்கிற அன்டிபொடி டெஸ்டுக்குக் காசைக் கொட்டாதீங்க. கிருமி செத்து வருசம் போனாலும் அது பொசிட்டிவ் காட்டும்.

ஏன் இந்தக் கிருமியைப் பிடிச்சுத் தொங்குறன்? வயித்துக் கான்சருக்குக் காரணங்களை வரிசைப்படுத்தினா முதல் கதிரை அதுக்குத்தான். உலக சுகாதார நிறுவனத்தின்ட கான்சர் ஆராய்ச்சிப் பிரிவு 1994இலயே அதை முதலாம் வகுப்புக் காரணியா, அதாவது நிச்சயமாக் கான்சர் கொண்டு வாறதாப் போட்டுட்டு. சின்ன வயசில வீட்டுக்குள்ளேயே தொத்துறது, பிறகு சாகும் வரைக்கும் சத்தமில்லாமக் கிடக்கும். கண்டுபிடிச்ச கதையும் எங்கட லேப்காரருக்குப் பிடிச்ச கதை. அவுஸ்திரேலியாவில பேர்த் நகரத்தில வொரனும் மார்ஷலும் துண்டை வளர்ப்புத் தட்டில போட்டு ரெண்டு நாளில ஒண்டும் வரல்ல எண்டு வீசி வீசிக் களைச்சுப் போனாங்க. 1982 ஈஸ்டர் லீவில தட்டை எடுக்க ஆளில்லாம அஞ்சு நாள் கிடந்திட்டு, வந்து பாத்தா கிருமி முளைச்சிருக்கு. ஒருத்தரும் நம்பல்ல எண்டு மார்ஷல் 1984இல அதைத் தானே குடிச்சு வயித்து வருத்தத்தை வரவழைச்சார். 2005இல ரெண்டு பேருக்கும் நோபல். லேப்பில லீவு குடுக்க மறுக்கிற பெரியாக்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்லியிருக்கன், பலிக்கல்ல.

கிருமி இருந்தா மருந்து வழக்கமா 14 நாள், மூணு நாலு வகைக் குளிசை சேர்த்து. நாலாம் நாள் வயிறு பிரட்டுது எண்டு விட்டுட்டா கிருமி மருந்துக்குப் பழகிரும். முடிஞ்சு ஒரு மாசமாவது போனப்பிறகு திரும்ப டெஸ்ட் பண்ணி, செத்துட்டா எண்டு பாக்கணும். இதைத்தான் எங்கட ஆக்கள் செய்யிறதே இல்ல. எரிவு போனா கதை முடிஞ்சுது எண்டு நினைப்பு. கிருமி செத்தாலும் வந்த மெட்டாப்ளேசியா அழிஞ்சு போகும் எண்டு சொல்ல ஏலாது, ஆனா மேல போறது மட்டுப்படும்.

ரெண்டாவது உறுத்தல், ரிப்போட்டில அன்ட்ரம் மட்டும்தான் இருக்கு. கீழ்ப்பகுதியில மட்டும் கொஞ்சமா இருக்கிறதும், வயித்தின்ட மேல் உடல்பகுதி வரைக்கும் பரவியிருக்கிறதும் ஒண்டில்ல. முறைப்படி எண்டா கீழ்ப்பகுதியிலயும் உடல்பகுதியிலயும் எடுத்து வேற வேற போத்தலில போட்டு அனுப்பணும். எல்லாத்தையும் ஒரே போத்தலில போட்டா எது எங்கத்தையான் எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்? மேலயும் துண்டு எடுத்தாங்களா எண்டு கேளுங்க.

திரும்பக் கமரா வேணுமா எண்டதுக்கு விடை இந்த இடத்திலதான் கிடக்கு. ஐரோப்பிய வழிகாட்டலில, கீழ்ப்பகுதியில மட்டும் இருந்து, குடும்பத்தில ஒருத்தருக்கும் வயித்துக் கான்சர் இல்லாம, கிருமியும் இல்லாம, கூடுதல் ஆபத்தான ‘இன்கொம்ப்ளீட்’ வகை மெட்டாப்ளேசியாவும் இல்லாட்டி தொடர்ந்து கமரா விடத் தேவையில்ல எண்டே இருக்கு. ரெண்டு பகுதியிலயும் இருந்தா மூணு வருசத்துக்கு ஒருக்கா. கூடப்பிறந்தவருக்கோ பெத்தவங்களுக்கோ வயித்துக் கான்சர் இருந்தா இன்னும் நெருக்கமாப் பாக்கணும். உங்கட மாமா அம்மாக்குக் கூடப்பிறந்தவர். கிளினிக் கார்டில அது ஏறியிருக்கா? ஏறல்லாட்டி முதல்ல அதைச் சொல்லுங்க. உறவில கான்சர் வந்தவங்களுக்குக் கிருமியை அழிச்சா பிரயோசனம் இருக்கா எண்டு கொரியாவில பரிசோதிச்சு 2020இல வெளியிட்டாங்க. ஏறக்குறைய ஒம்பது வருசம் பாத்ததில மருந்து குடுத்த பக்கம் 1.2 வீதம், குடுக்காத பக்கம் 2.7 வீதம் கான்சர். அம்மாட மற்றச் சகோதரங்கள், மாமாட புள்ளையள், அவங்களும் கிருமி டெஸ்ட் செய்யிறது நல்லம்.

கருவாடு. உப்பில ஊறின சாப்பாடு வயித்துக் கான்சருக்குக் காரணமா இருக்கக்கூடும் எண்டு யப்பான், கொரியா, சீனாவில செஞ்ச ஆய்வுகள் பலமாத்தான் சொல்லுது. உப்பு உள்தோலைப் புண்ணாக்கும், கிருமி அதில வசதியாக் குடியிருக்கும். ஃபிரிஜ் வந்து உப்புப் போட்டுப் பதப்படுத்துறது குறைஞ்ச நாடுகளில வயித்துக் கான்சர் இறங்கினதுக்கு அதுவும் ஒரு காரணம் எண்டு சொல்லுறாங்க. ஆனா காய வைக்கிறதாலயோ கையில தொடுறதாலயோ ஒண்டும் வராது, தொழிலை விடச் சொல்லாதீங்க. மூணு வேளையும் தின்னுறதைத்தான் குறைக்கணும். ஒரு நாளைக்கு எல்லாச் சாப்பாட்டிலயும் சேர்த்து உப்பு 5 கிராமுக்குக் கீழ, அது ஒரு தேக்கரண்டி. அம்மாட ஒரு காலைச் சாப்பாட்டிலயே அது முடிஞ்சிரும். உறைப்பில எரிவு கூடலாம், ஆனா கான்சர் மிளகாயால வரும் எண்டதுக்கு நல்ல ஆதாரம் இல்ல. கல்லடித் தம்பிட அம்மம்மா கோவிக்கக்கூடாது. வெள்ளைப்பூட்டைக் கறியில போடுங்க, கமராவுக்குப் பதிலாப் போடாதீங்க.

புகை பிடிக்கிறவங்களுக்கு ஏறக்குறைய ஒண்டரை மடங்கு வாய்ப்புக் கூட, மாமாட சுருட்டு சும்மா இல்ல. புகையிலையோட வெத்தில வாய்க்கும் தொண்டைக்கும் உணவுக்குழாய்க்கும் கான்சர் கொண்டு வாறது. எங்கட நாட்டு ஆம்பிளைகளுக்குக் கூட வாறது வாய்க் கான்சர்தான். வயித்தைப் பாக்கப் போன இடத்தில அம்மாட வாயையும் ஒருக்காத் திறந்து காட்டுங்க.

நானா சொன்னதும் பெறுமதியான விசயம். அது வேற பாதையால வாற வருத்தம், அது மேல் உடல்பகுதியைத்தான் அழிக்கும், அன்ட்ரத்தை விட்டிரும். அதுக்கும் மேல்பகுதித் துண்டு வேணும்.

கடைசியா ஒண்டு. நாலு வாயில வயிறு நிறையுது எண்டதை டொக்டரிட்ட திரும்பச் சொல்லுங்க. அதோட மெலிவு, விழுங்கக் கஷ்டம், திரும்பத் திரும்பச் சத்தி, தார் மாதிரிக் கறுப்பா மலம் போறது, இதில எது வந்தாலும் கிளினிக் தேதிக்குக் காத்திருக்காதீங்க. இரும்புக் குளிசை குடிச்சாலும் மலம் கறுக்கும், அதையும் சொல்லிருங்க.

திருக்கோவில் மகள்:

மாமா, நன்றி எண்டு ஒரு சொல்லில முடிக்க ஏலாது. அம்மாக்கு முழுக்க வாசிச்சுக் காட்டினன். மார்ஷல் கிருமியைக் குடிச்ச இடத்தில சிரிச்சிட்டு, “அந்தாளுக்குப் பொஞ்சாதி இல்லையா?” எண்டா. வெத்திலை எண்ட இடத்தில எழும்பிப் போயிட்டா.

கார்டைப் பாத்தன். குடும்ப வரலாறு எண்ட இடத்தில சீனி, பிரஷர் மட்டும்தான் இருக்கு. மாமாவைப் பத்தி ஒருத்தரும் கேக்கவும் இல்ல, நாங்க சொல்லவும் இல்ல. பெரியம்மாட மகள் ஆசுபத்திரியில கேட்டுச் சொன்னா, துண்டு ஒரு போத்தல்தானாம்.

உப்பைக் குறைச்சுப் போடச் சொன்னதுக்கு அம்மாட பதில்: “உப்புக் குறைஞ்சா அது கருவாடில்ல, நாத்த மீன். புழு வைக்கும்.” அதுக்கு என்ன சொல்லுற? மற்றது, ரெண்டு கிழமை ஒமிப்ரசோல் இல்லாம எரிஞ்சா என்ன செய்யிற?

அக்கரைப்பற்று நானா:

தங்கச்சி, கமராவுக்குப் பயப்படுறாங்க எண்டா மயக்க மருந்து குடுத்துச் செய்யலாமா எண்டு கேளுங்க. வாப்பாக்கு முதல் தரம் தொண்டைக்கு ஸ்ப்ரே மட்டும் அடிச்சுத்தான் செஞ்சது, மனுசன் பக்கத்தில நிண்ட நேர்ஸ்ட கையை நசுக்கிப்போட்டார். அடுத்த தரம் ஊசி போட்டாங்க, ‘எப்ப துவங்குற?’ எண்டு கேட்டார், முடிஞ்சிருந்தது. ஆனா கூட ஒரு ஆள் போகணும், அண்டைக்கு சைக்கிள் ஓட விடக்கூடாது.

மாமா, எனக்கொரு கேள்வி. வாப்பாட வருத்தம் புள்ளையளுக்கு வருமா?

லேப் மாமா, கல்லாறு:

நானா, அது குடும்பத்தில கூடுதலா வாற வருத்தம்தான், ஆனா எல்லாருக்கும் வராது. தைரொயிட் வருத்தம், முதலாம் வகைச் சீனி வருத்தம் இருக்கிறவங்களிட்ட கூடக் காணலாம். உங்களுக்கோ தம்பிமாருக்கோ காரணமில்லாம இரத்தம் குறைஞ்சா, கை கால் விறைச்சா, வாப்பாட கதையைச் சொல்லி பி12 பாருங்க. ஒண்டுமில்லாட்டி சும்மா போய்க் கமரா விடத் தேவையில்ல.

மகள், அம்மா சொல்லுறது சரி. காய வைக்கிறதுக்கு வேண்டிய உப்பைப் போடத்தான் வேணும், அதில கை வைக்காதீங்க. சமைக்க முன்னம் தண்ணியில ஊறப்போட்டு, அந்தத் தண்ணியை ஊத்திட்டு, திரும்பப் புதுத் தண்ணி விட்டு எடுங்க. கறிக்கு வேற உப்புப் போடாதீங்க. சுடுற கருவாட்டுக்கு இது சரிவராது, அதால காலைச் சாப்பாட்டில இருந்துதான் முதல்ல கழட்டணும். நல்ல மீன் கையில இருக்கிற வீடு, பழஞ்சோத்துக்குப் பச்சை மீன் ஆணம் குடுங்க. வெங்காயமும் பச்சை மிளகாயும் தயிரும் போதும் எண்டுறவங்களும் இருக்கிறாங்க. பழம், இலைக்கறி கூடச் சேர்க்கட்டும்.

ஒமிப்ரசோலை டொக்டரிட்டக் கேட்டுத்தான் நிப்பாட்டுற. முந்தி அல்சரில இரத்தம் போனவங்களும், அஸ்பிரின் மாதிரிக் குளிசை குடிக்கிறவங்களும் தாங்களா நிப்பாட்டக்கூடாது. அம்மா இதயத்துக்கோ மூட்டு நோவுக்கோ ஏதும் குடிக்கிறா எண்டா பெயரை எழுதிக் கொண்டு போங்க. இடையில எரிஞ்சா அமிலத்தைச் சமப்படுத்துற வெள்ளைப் பாணி மருந்து இருக்கே, அது டெஸ்டைக் குழப்பாது. அதை எழுதித் தரச் சொல்லுங்க.

உங்களுக்கும் தம்பிக்கும் எண்டு கேட்டீங்க. மாமா உங்களுக்கு ஒரு படி தள்ளின உறவு, அதால அவசரம் இல்ல. அம்மாக்குக் கிருமி இருக்கெண்டு வந்தா, வீட்டில எல்லாரும் ஒரே பானைச் சோறு திண்டவங்க, நீங்களும் மலப் பரிசோதனையைச் செஞ்சிருங்க. இல்லாட்டி விடுங்க.

கல்லடிப் பாலம்:

மாமா, மிளகாய் விசயம் அம்மம்மாக்குச் சொல்லல்ல, சோறு கிடைக்காது. நான் நாளுக்கு அஞ்சாறு சிகரட். வயித்தில ஒண்டுமில்ல. எனக்கும் டெஸ்ட் வேணுமா?

லேப் மாமா, கல்லாறு:

உனக்கு டெஸ்ட் வேணாம் தம்பி, சிகரட்டை விடு.